வௌவால் மரம், குரங்குக் கீறல், வயல்வெளிக் காய்ச்சல்
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊர்ப் பயணத்தைப் பற்றியவையாகவே இருந்தன. அவற்றிலும் வனவிலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் நோய்கள் குறித்த கவலையே தூக்கலாகத் தெரிந்ததால், இந்த இதழில் அக்கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பூர்வீகம் பட்டுக்கோட்டைக்கு அருகில் ஒரு கிராமம். கோயில் குளக்கரையில் நிற்கும் பழைய இலுப்பை மரத்தில் நூற்றுக்கணக்கான வௌவால்கள் தொங்குகின்றன. கேரளத்தில் நிபா பரவிய செய்திகளைப் பார்த்தபின், மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று ஊரில் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாமா? மரத்தை வெட்டுவதுதான் வழியா? (வாசகி, ஈசூன்)

பதில்: அம்மா, பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள்; மரத்தை வெட்ட வேண்டாம் என்று உறவினர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன், ஏனெனில் ஊரில் இப்படி ஒரு பேச்சு எழும்போது பயத்தின் வேகத்தில் எடுக்கப்படும் முடிவு, இல்லாத ஆபத்தையும் வரவழைத்துவிடக்கூடும்.

பெரிய பழந்தின்னி வௌவால்களின் உடலில் நிபா கிருமி அவற்றுக்கு நோய் எதையும் உண்டாக்காமல் வாழ்கிறது. தமிழகத்து வௌவால்களின் இரத்தத்திலும் அக்கிருமியை எதிர்கொண்டதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. ஆனால் கிருமி எந்நேரமும் வெளியேறிக்கொண்டிருப்பதில்லை. சில பருவங்களில், சில வௌவால்களின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும்தான் வெளிப்படுகிறது. அந்த ஈரம் நம்முடைய வாய்க்கோ மூக்குக்கோ கண்ணுக்கோ வந்து சேர ஒரு வழி வேண்டும். மரத்தின் பக்கமாக நடந்து போவதாலோ, அந்தி நேரத்தில் அவை கூட்டமாகக் கிளம்புவதை நின்று பார்ப்பதாலோ அந்த வழி திறப்பதில்லை.

எப்படித் திறக்கிறது என்பதற்கு பங்களாதேஷைப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் தண்டைச் சீவி, இரவு முழுவதும் பானையைக் கட்டிவைத்து, வடிந்த சாற்றை விடியற்காலையில் காய்ச்சாமல் அப்படியே குடிக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இரவில் வௌவால்களும் அதே மரத்துக்கு வந்து சீவிய இடத்தை நக்குகின்றன. அவற்றின் எச்சிலும் சிறுநீரும் பானைக்குள் விழுகின்றன. 2001ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் நிபா தலைகாட்டுவதற்கு இதுவே முதன்மையான காரணம். அங்கே ஆராய்ச்சியாளர்கள் மரத்தையும் வெட்டச் சொல்லவில்லை, வௌவாலையும் கொல்லச் சொல்லவில்லை. சீவிய இடத்தையும் பானையின் வாயையும் மூடும்படி மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். வௌவால் சாற்றை நெருங்க முடியாமல் போயிற்று. அதே சாற்றைக் கொதிக்க வைத்து வெல்லமாக்கிவிட்டால் கிருமி பிழைப்பதில்லை.

கேரளத்தில் 2018ஆம் ஆண்டு கோழிக்கோடு வட்டாரத்தில் 17 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோருக்கு வௌவாலோடு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. முதலில் நோயுற்றவரைக் கவனித்துக்கொண்ட குடும்பத்தினர், செவிலியர், பக்கத்துப் படுக்கை நோயாளிகள், மருத்துவமனை நடைபாதையில் காத்திருந்தவர்கள் என்று மனிதரிடமிருந்து மனிதருக்கே அது பரவியது. இதற்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. தொற்றியவர்களில் 40 முதல் 75 விழுக்காட்டினர் இறக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எனவே அச்சத்துக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த அச்சம் எதன்மேல் திரும்ப வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

மரத்தை வெட்டினால் என்ன ஆகும்? வௌவால்கள் அழிந்துபோவதில்லை, சிதறிப்போகின்றன. அடுத்த தோப்புக்கும், வீட்டுக் கொல்லையில் நிற்கும் கொய்யா மரத்துக்கும், பள்ளிக்கூடத்து ஆலமரத்துக்கும் வந்து சேர்கின்றன. ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவுக் கிருமியான ஹெண்ட்ராவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள், காட்டை இழந்து உணவுக்குத் தவிக்கும் வௌவால்களிடமிருந்துதான் கிருமி மிகுதியாக வெளியேறுகிறது என்று கண்டறிந்திருக்கிறார்கள். உகாண்டாவின் கிட்டாக்கா சுரங்கத்தில் நடந்தது இன்னும் கண்கூடான சான்று. 2007ஆம் ஆண்டில் அங்கே வேலை செய்த தொழிலாளர்களுக்கு மார்பர்க் என்னும் கொடிய கிருமி தொற்றியதால், சுரங்கத்து வௌவால்கள் அடியோடு ஒழிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் வந்து குடியேறின. அவற்றில் கிருமி சுமந்தவற்றின் விகிதம் முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. 2012இல் அருகிலுள்ள ஊரிலேயே மீண்டும் நோய் வெடித்தது.

தமிழகத்தில் வௌவால்கள் கலையக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் இருக்கின்றன. அந்த ஊர் மக்கள் பக்தியினாலோ பாசத்தினாலோ செய்வது மருத்துவ நோக்கிலும் சரியானது என்பதை உங்கள் உறவினர்களிடம் சொல்லலாம். இலுப்பை விதையைத் தூர இடங்களுக்குக் கொண்டுசேர்ப்பவை வௌவால்களே. நாம் இங்கே ஆசையாக வாங்கிச் சாப்பிடும் டுரியான் பழத்துக்கும் இரவில் பூவுக்குப் பூ பறக்கும் வௌவால்களின் மகரந்தச் சேர்க்கை தேவைப்படுகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை சில உண்டு. அணிலோ வௌவாலோ கடித்த பழம்தான் இனிக்கும் என்று பாட்டி எடுத்துக் கொடுத்தாலும், கடிபட்ட பழத்தையும் மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழத்தையும் உண்ணக்கூடாது. முழுப் பழத்தையும் நன்றாகக் கழுவி, தோலைச் சீவிய பிறகே தர வேண்டும். பனையிலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது. மரத்துக்குக் கீழே கயிற்றுக் கட்டில் போடுவதோ, தானியம் காயவைப்பதோ வேண்டாம். அருகில் கிணறோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் வலையோ மூடியோ போடச் சொல்லுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை, அது குட்டியே ஆனாலும், வெறுங்கையால் தொடக்கூடாது. இளைப்பு நோய்க்கு வௌவால் கறி நல்லது என்ற நம்பிக்கை சில இடங்களில் இன்னும் நீடிக்கிறது. அந்தக் கறியால் இளைப்பு குணமாவதில்லை; அதைப் பிடித்து, அறுத்து, சுத்தம் செய்பவரோ கிருமி இருக்கக்கூடிய இரத்தத்திலும் எச்சிலிலும் கையை நனைக்கிறார்.

கேள்வி: 1999இல் மலேசியாவில் பன்றிகளை ஆயிரக்கணக்கில் கொன்று புதைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது என் தமக்கை குடும்பம் நெகிரி செம்பிலானில் பண்ணைகளுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. அதுவும் இந்த நிபாதானா? காட்டில் இருந்த கிருமி பன்றிக்கு எப்படி வந்தது? (மூத்த வாசகர், தோ பாயோ)

பதில்: ஆம் ஐயா, அதுவேதான். கிருமிக்கு அந்தப் பெயர் வந்ததே நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிபா கிராமத்தினால்.

நோய் முதலில் தென்பட்டது 1998 செப்டம்பரில், பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில். அங்கே பண்ணை முதலாளிகள் கூடுதல் வருமானத்துக்காகத் தொழுவங்களை ஒட்டியே மாமரங்களை வளர்த்திருந்தார்கள். காடுகள் குறைந்துவந்த நிலையில் பழந்தின்னி வௌவால்கள் அந்த மாமரங்களைத் தேடி வந்தன. பாதி தின்ற மாம்பழம் தொழுவத்துக்குள் விழுந்தது. விழுந்ததைப் பன்றி தின்றது. ஒரே கூரையின் கீழ் பல்லாயிரம் பன்றிகள் நெருக்கியடித்து வளர்க்கப்பட்டதால், ஒன்றுக்கு வந்த இருமல் மற்றவற்றுக்கெல்லாம் தாவியது. பிறகு பன்றிகள் விற்கப்பட்டு லாரிகளில் தெற்கே போனபோது நோயும் உடன் சென்றது.

தொடக்கத்தில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி, கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. கொசுவினால் பரவும் அந்த மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைக் கையாண்ட, உடல் வலுவுள்ள ஆண்கள். பின்னர் 94 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் 93 விழுக்காட்டினர் பன்றிகளை நேரடியாகத் தொட்டுப் பழகியவர்கள் என்று பதிவு செய்தார்கள். இந்த முரண்பாட்டைக் கவனித்து, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 105 பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

நம் நாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூட ஊழியர்கள் 11 பேர் சிங்கப்பூரில் நோயுற்றனர். அவர்களில் ஒருவர் காலமானார். அவர்களில் எவரும் வௌவாலை நெருங்கியிருக்கத் தேவையே இல்லை. உங்கள் தமக்கை குடும்பம் தோட்டத்தில் பத்திரமாக இருந்ததற்கும் இதே விளக்கம்தான்: பண்ணைக்குப் பக்கத்தில் வசிப்பதால் நோய் வரவில்லை, பன்றியின் சளியும் சிறுநீரும் கையில் படுவதால் வந்தது.

கேள்வி: என் மகன் நண்பர்களுடன் பகாங் காட்டில் மலையேறப் போகிறான். குரங்கிலிருந்து மலேரியா வரும் என்கிறார்களே, உண்மையா? (தாய், புக்கிட் பாத்தோக்)

பதில்: உண்மைதான். நீள்வால் குரங்குகளின் இரத்தத்தில் நோலெசி என்ற மலேரியா ஒட்டுண்ணி வாழ்கிறது. காட்டுக்குள் இருக்கும் ஒரு வகை அனோபிலிஸ் கொசு குரங்கைக் கடித்துவிட்டு மனிதரைக் கடிக்கும்போது அது நமக்கு வருகிறது. குரங்கைத் தொடுவதாலோ அது பிறாண்டுவதாலோ இந்த நோய் வராது.

மனிதருக்கு இது இயற்கையாகவே தொற்றக்கூடும் என்பது, பகாங் காட்டுக்குச் சென்று திரும்பிய ஓர் அமெரிக்கரின் வழியாக 1965இல் தெரியவந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் இது அரிதினும் அரிது என்றே எண்ணப்பட்டது. 2004இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில், நுண்ணோக்கியில் வேறு வகை மலேரியாவாகத் தோன்றிய நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் மறுபடி சோதித்தபோதுதான் பலருக்கு நோலெசி இருப்பது வெளிப்பட்டது. மலேசியா மனிதரிடையே பரவும் மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. 2018 முதல் உள்நாட்டில் அவ்வகை ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் நோலெசி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்குகிறது. அவர்களில் பெரும்பாலோர் காட்டோரச் செம்பனைத் தோட்டங்களிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் வேலை செய்பவர்கள். காடு தோட்டமாக மாறும் இடத்தில் குரங்கும் கொசுவும் தொழிலாளியும் ஒரே எல்லையில் வந்து நிற்க நேர்கிறது.

1982இல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்ட சிங்கப்பூரிலும், 2007இல் காட்டுப் பயிற்சி மேற்கொண்ட ராணுவ வீரர் ஒருவருக்கு இது உள்ளூரிலேயே தொற்றியது. மற்ற மலேரியாக்கள் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை பெருகும் என்றால், இந்த ஒட்டுண்ணி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுப் பெருகிவிடும். ஆகவே நாளைக்குப் பார்க்கலாம் என்று காய்ச்சலைத் தள்ளிப்போட இதில் இடமில்லை. உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் முழுமையாகக் குணமாகும். மாலையிலிருந்து முன்னிரவு வரை முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணியவும், கொசுவிரட்டி பூசவும், வலை கட்டிய கூடாரத்தில் படுக்கவும் மகனிடம் சொல்லுங்கள். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால் "பகாங் காட்டில் தங்கினேன்" என்பதை அவரே மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

கேள்வி: விடுப்பில் ஊருக்குப் போனபோது மலைக்கோயில் படிக்கட்டில் குரங்கு ஒன்று பிரசாதப் பையைப் பிடுங்கியதில் என் கையில் கீறி, பல்லும் பட்டது. கடைக்காரர் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துவிட்டார். நான்கு நாள்களில் வேலைக்குத் திரும்பிவிட்டேன், காயமும் ஆறிவருகிறது. ஊசி போட வேண்டுமா? (ஊழியர், துவாஸ்)

பதில்: நண்பரே, இதைப் படித்ததும் இன்றே மருத்துவரைப் பாருங்கள். குரங்கின் எச்சிலில் வெறிநோய் (ரேபிஸ்) கிருமி இருக்கக்கூடும். காயம் ஆறுவது நல்ல அறிகுறி அன்று; அக்கிருமி காயத்தை அழுகச் செய்வதில்லை. அது நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில், சிலருக்கு ஒரு வாரத்திலேயே, வேறு சிலருக்கு ஓராண்டு கழித்தும் அறிகுறி தோன்றும். தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். தோன்றும் முன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. நாள் கடந்துவிட்டதே என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். தாமதமாகத் தொடங்கும் ஊசியும் பயன் தரும்.

வெறிநோயைப் பரப்புவது பெரும்பாலும் நாய்தான் என்றாலும், இந்தியாவில் குரங்கு, கீரி, நரி ஆகியவற்றின் கடியையும் மருத்துவர்கள் அதே கவனத்தோடு அணுகுகிறார்கள். சிங்கப்பூரில் 1953 முதல் இந்த நோய் இல்லை; அதனால் இங்குள்ள மருத்துவர் தாமாக இதை நினைத்துக் கேட்பார் என்று எதிர்பார்க்காமல், "இந்தியாவில் குரங்கு கடித்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புப் புரதமும் தேவைப்படும். குரங்குகள் வாயில் சுமக்கும் ஹெர்பீஸ் பி என்ற வேறொரு கிருமியும் உண்டு. மனிதருக்கு அது வருவது மிக மிக அரிது, ஆனால் வந்தால் மூளையைத் தாக்கும் என்பதால் அதற்கும் மாத்திரை தர வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

ஊரில் இருக்கும் உங்கள் குடும்பத்தார்க்கு இதைச் சொல்லிவையுங்கள். கடிபட்ட உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது செய்து பார்த்தால் மிக நீண்ட நேரமாகத் தோன்றும். இருந்தாலும் குறைக்கக்கூடாது, ஏனெனில் கிருமியின் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கக்கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு வந்தால், அந்தச் சீட்டைக் காட்டி மீதியை இங்கே தொடரலாம். ஊரில் நெடுநாள் தங்கப்போகும் சிறுவர்களுக்குப் புறப்படும் முன்பே தற்காப்பு ஊசி போடுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது, ஏனெனில் விலங்கு கீறியதைச் சிறுவர்கள் திட்டுக்குப் பயந்து மறைத்துவிடுவதுண்டு.

கேள்வி: பாசிர் ரிஸ் பக்கம் காட்டுப்பன்றிகள் வருகின்றன. அவற்றிடமிருந்து ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எங்களுக்கு வருமா? (வாசகர், பாசிர் ரிஸ்)

பதில்: வராது. 2023 பிப்ரவரியில் இங்கே இறந்துகிடந்த காட்டுப்பன்றியில் அக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது உண்மை; ஆனால் அது பன்றி இனத்தை மட்டுமே தாக்கும். உணவு வைக்காதீர்கள். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம், முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

கேள்வி: என் தாயார் தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வேலைகளைப் பார்த்துவிட்டு வந்த பத்தாம் நாள் கடும் காய்ச்சலில் விழுந்தார். டெங்கி என்று நினைத்தோம், இல்லை என்று வந்தது. தாமதமாகவே வேறு ஏதோ உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். இப்போது நலமாக இருக்கிறார். இதை முன்பே எப்படி அறிந்திருக்கலாம்? (மகள், ஜூரோங்)

பதில்: தாயார் தேறியது பெரும் நிம்மதி. இந்த நோயைப் பற்றித்தான் நம்மவர்கள் மிகக் குறைவாக அறிந்திருக்கிறார்கள் என்பதால், நீங்கள் கேட்டதற்கு நன்றி சொல்கிறேன்.

புல்வெளியிலும் வரப்போரப் புதர்களிலும் எலிகளை அண்டி வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு, கண்ணுக்கே தெரியாத அளவில், மனிதரின் தோலில் ஏறிக் கடிப்பதால் வருவது இது. மருத்துவத்தில் ஸ்கிரப் டைபஸ் என்பார்கள். தமிழகத்தில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் காரணம் தெரியாத காய்ச்சலோடு வருபவர்களில் கணிசமானோருக்கு இதுவே காரணம். கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவந்த வளையத்துடன் தோன்றும். அது வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை; அதனால் நோயாளியே அறிவதில்லை. பெரும்பாலும் அக்குளிலும், மார்பகத்துக்குக் கீழும், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பிலும், தொடை இடுக்கிலும் இருக்கும். நம் தாய்மார்கள் அந்த இடங்களை மருத்துவருக்குக் காட்டக் கூசுவதால் கண்டுபிடிப்பு தள்ளிப்போகிறது. மகளாகிய நீங்கள் காய்ச்சலின் முதல் நாளிலேயே அவரைக் குளிக்க வைக்கும்போது தேடிப் பார்த்தால், இரத்தப் பரிசோதனைக்கு முன்பே விடை கிடைத்துவிடக்கூடும். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கு இது கட்டுப்படும். பெனிசிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாது. விட்டுவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கும்.

வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போவதால் அது வருகிறது. கண் சிவத்தலும் கெண்டைக்கால் தசை வலியும் அதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள். மலைப்பக்கம் போகிறவர்கள் குரங்குக் காய்ச்சல் என்று வழங்கும் கியாசனூர் காட்டு நோயையும் அறிந்திருக்க வேண்டும். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட அது உண்ணிக் கடியால் பரவுகிறது. டிசம்பர் முதல் மே வரை மிகும். காட்டில் குரங்குகள் செத்துக்கிடந்தால் அது உண்ணிகள் கிருமியோடு திரிவதற்கான எச்சரிக்கை. அந்த இடத்தைச் சுற்றிப் போய்விட்டு, வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை தாயார் ஊருக்குப் போகும்போது, வயலில் இறங்கும் நாள்களில் காலணி அணியவும், புல்தரையில் விரிப்பில்லாமல் உட்காராதிருக்கவும், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து அன்று உடுத்திய சேலையை வெந்நீரில் அலசவும் சொல்லுங்கள். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், எந்த ஊர், எந்தத் தேதிகள், வயலில் இறங்கினாரா, எந்த விலங்கையாவது தொட்டாரா அல்லது எதுவும் கடித்ததா, காய்ச்சாத எதையாவது குடித்தாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.